செஞ்சியின் தூண்கள் எங்கே?

சென்ற வாரம் 1597-இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டாவைப் பார்த்தோம். லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று எழுதியவர் அவர். அந்த நகரத்தைக் காலம் தின்றுவிட்டது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செஞ்சியின் ஒரு பகுதி பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. அது இன்றும் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறது. அந்த எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சி வெங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை. 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது; தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான்.

பெருவின் குஸ்கோவிலும் இதுவே நடந்தது. இன்காக்களின் கொரிகஞ்சா கோயில் சுவர்மேல் ஸ்பானியர் சாந்தோ தொமிங்கோ மடத்தை எழுப்பினார்கள். சக்சய்வாமன் கோட்டைக் கற்களை இறக்கி வந்து நகரத்தில் வீடு கட்டினார்கள். அங்கே பழையதும் புதியதும் ஒரே சுவரில் மேலும் கீழுமாக இருப்பதால், போகிறவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. நமக்கோ நடுவில் எழுபது கிலோமீட்டர் சாலை. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களை ரசிப்பவர்கள் செஞ்சியை நினைப்பதே இல்லை.

முற்றுகைகள்தானே ஊரை அழித்தன என்று கேட்கலாம். முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் நீண்ட முற்றுகை 1698-இல் முடிந்தது. 1714-இல் தேசிங்கு ராஜா மடிந்தார். அதற்குப் பிறகுதான், 1717-18 வாக்கில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல் கோட்டைக்குள் எழுந்தது. செத்த ஊரில் யாரும் பள்ளிவாசல் கட்டுவதில்லை. காய்ச்சல் பிரெஞ்சுச் சிப்பாய்களை வாட்டியது மெய்தான். ஆனால் அது மனிதர்கள் வெளியேறியதற்குக் காரணமாகலாம், தூண்கள் வெளியேறியதற்கு ஆகாது. எடுத்துப் போனதால்தான் தப்பின என்ற வாதமோ இன்னும் பலவீனமானது. எடுக்காமல் விட்ட தூண்கள் அதே கோயிலில் இன்றும் நிற்கின்றன. கோபுர வாயிலில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் சிற்பமும் அப்படியே இருக்கின்றன. கோட்டையின் நெற்களஞ்சியங்களும் கல்யாண மகாலும்கூட அவை இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

2025-இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் சிவாஜி கைப்பற்றிய 1677 முதல் 1698 வரை மராத்தியர் ஆண்டது இருபத்தோரு ஆண்டுகளே. கோனார்களும் நாயக்கர்களும் அதற்கு முந்தியவர்கள். தூண்களின் கதை பிந்தியது. அது தொடங்கியது 1750 செப்டம்பரில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் செஞ்சியின் ராஜகிரி மலைக்கோட்டையைப் பிடித்தபோது. அந்த இரவை அடுத்த வாரம் பார்ப்போம்.