பொதுத் தெரு மூடல் (பெங்களூரு)

பொதுத் தெருவின் வழியுரிமையை நிரந்தரமாக நீக்கி, பக்கத்து நிறுவனம் விரிவடைய நிலத்தைக் கொடுப்பது. 2020 நவம்பரில் சர்ச் தெருவில் வார இறுதிகளில் வாகனங்களை நிறுத்தியது இதில் சேராது; நடப்பவருக்கு அங்கே தடையில்லை.

உலகறிந்த உதாரணம் டெட்ராய்ட். 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக போல்டவுன் குடியிருப்பு தெருக்களோடு அகற்றப்பட்டது. ஆலை வளாகத்துக்குள் சிக்கிய யூதக் கல்லறைக்கு உறவினர் போக ஆண்டுக்கு 2 நாள்தான் அனுமதி! அந்த நிலமெடுப்பை ஏற்ற மிச்சிகன் உச்ச நீதிமன்றமே 2004-இல் அத்தீர்ப்பைக் கைவிட்டது.

பெங்களூருவின் பெயர்பெற்ற வழக்கு தெருவைப் பற்றியதல்ல, பூங்காவைப் பற்றியது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவுப்படி, தனியார் மருத்துவமனை கட்ட பெங்களூர் மெடிக்கல் டிரஸ்டுக்குக் கொடுத்தது பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.). அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொது வசதிதானே என்ற வாதம், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீடு செல்லாது, வழக்குத் தொடரக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்றது. தெருவுக்காக வாதாடுவோருக்கும் இத்தீர்ப்பு கைகொடுக்கும்.

2025 செப்டம்பரில் கதை தலைகீழானது. வெளிவட்டச் சாலை நெரிசலைக் குறைக்க, விப்ரோ வளாகத்துக்குள் வாகனங்களை விடும்படி முதல்வர் சித்தராமையா கடிதம் எழுதினார். விப்ரோவின் அசிம் பிரேம்ஜி மறுத்தார்: அது தனியார் சொத்து, சிறப்புப் பொருளாதார மண்டலம், பொதுவழிக்கு உரியதல்ல.