லேசர் படகின் ஒற்றைப் பாய்

லேசர் என்ற பெயரில் உலகெங்கும் பரவி, 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்று வழங்கப்படும் பந்தயப் படகின் நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர். ஓட்டுபவர் ஒருவர், பாயும் ஒன்று. கனடாவின் புரூஸ் கிர்பி 1969இல் வரைந்த வடிவம் இது. 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த போட்டியில் மாதிரிப் படகு முதன்முதலாக இறங்கியது. பாயில் சில திருத்தங்கள் செய்த பிறகே அது தன் பிரிவில் வென்றது.

எந்தப் பாய் என்பதை ஓட்டுபவரின் உடல் எடை தீர்மானிக்கிறது. ஒரே படகின் மேல் மூன்று அளவுகளில் ஒன்றை ஏற்றலாம்: 7.06 சதுர மீட்டர், 5.76, 4.7. பாய்க்கேற்பப் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மாறும். ஒலிம்பிக்கில் பெரிய பாய் 1996இலும், பெண்களுக்கான நடுத்தரப் பாய் 2008இலும் நுழைந்தன. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் முதலாவதிலும், சென்னையின் நேத்ரா குமணன் இரண்டாவதிலும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் களம் கண்டவர்கள். எடை குறைந்தவர் வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய பாயை ஏற்றினால், காற்று வலுத்ததும் படகு சாயும். அதை நிமிர்த்தவே பொழுது போய்விடும்.

அளவு முடிவான பின் எல்லாம் கயிறுகளின் கையில். பாயின் வளைவைத் தழுவிக் காற்று ஓடும்போதுதான் படகை இழுக்கும் விசை பிறக்கிறது. அவ்வளைவின் ஆழத்தை, குறிப்பாகப் பாயின் கீழ்ப்பகுதியில், மாற்றுவது 'அவுட்ஹால்'. பாயின் அடி விளிம்புக்கும் பூம் என்ற கிடைக்கட்டைக்கும் நடுவே கையை விரித்துச் சாண் கணக்கில் அளப்பவர்கள் உண்டு. காற்று மிகக் குறைந்த நாளில் பாயை நன்றாக உப்பவிடலாம் என்று தோன்றும். அது தவறு: மெலிந்த காற்றால் ஆழமான வளைவைச் சுற்றிவர முடியாது, பாதியிலேயே பிரிந்துவிடும்.

காற்று கூடக்கூட ஆழமான பகுதி பின்னோக்கி நகரும். பாயின் முன் விளிம்பைக் கீழே இழுத்து அதை முன்னுக்குக் கொண்டுவருவது 'கன்னிங்ஹாம்'. 1958இல் 'கொலம்பியா' படகைச் செலுத்தி அமெரிக்கா கோப்பையை வென்ற பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயர்தான் அது.

எளிதில் பிடிபடாதது 'வாங்'. பூமைக் கீழ்நோக்கிப் பிடித்திருப்பது அதன் நேரடி வேலை. லேசரின் பாய்மரத்துக்குத் தாங்குகம்பிகள் கிடையாது என்பதால், வாங்கை இறுக்கினால் மரமே வளைந்து பாய் தட்டையாகும். கையிலிருக்கும் 'மெயின்ஷீட்' கயிற்றைத் தளர்த்தினாலும் பூம் மேலே எழாது. பலத்த காற்றை எதிர்த்துச் செல்லும்போது இதுவே துணை.

காற்றின் திசையில் திரும்பியதும் கணக்கு தலைகீழாகிறது. மூன்றையும் தளர்த்திப் பாயை உப்பவிட வேண்டும். இறுகிய வாங்கோடு மிதவையைச் சுற்றுபவரின் பூம் நுனி அலையில் தோய்ந்து, பாய் வெளியே போக வழியில்லாமல் படகு கவிழ்வது பந்தயங்களில் வழக்கமான காட்சி.