மகர்: ஒரு முதலையின் 36 வருஷம்

கொச்சியில் இருக்கும் நம்மவர்கள் படகில் போகும்போது கடற்படைத் தளத்துக் கப்பல்களைத் தூரத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே 2023 மே 6-ல் ஓய்வு கொடுக்கப்பட்ட ஐ.என்.எஸ். மகர் பற்றியது இந்தப் பதிவு. நான் பி.காம். படித்த வங்கிக்காரன். பீரங்கி, குண்டு பற்றியெல்லாம் பேச ஆளில்லை. ஆனால் இந்தக் கப்பலுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு.

மகர் என்றால் இந்தியில் முதலை. பேர் வைத்தவர் ரசிகர்தான்! முன்பக்கம் வாயைத் திறக்கும். உள்ளேயிருந்து டாங்கிகளும் சிப்பாய்களும் நேராகக் கரையில் இறங்கலாம். துறைமுகமே வேண்டாம். மற்ற கப்பல் தரை தட்டினால் விபத்து, இந்த ரகத்துக்கு அதுதான் வேலை. 1940-ல் டன்கர்க்கில் தளவாடங்களை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் மீட்டு வந்த பிரிட்டனுக்கு அதன் பிறகு தேவைப்பட்ட கப்பல் இது. இதில் ஒரு சிக்கல். நடுக்கடலில் ஆடாமல் போக ஆழமாக அமிழ வேண்டும். கரையேறவோ மேலே மிதக்க வேண்டும். வயிற்றுத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, கரை நெருங்கும்போது வெளியே தள்ளிச் சமாளித்தார்கள். திரும்பும்போது, பின்னால் முன்கூட்டியே போட்டு வைத்த நங்கூரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பும். அமெரிக்கா மட்டும் ஆயிரத்துக்கு மேல் கட்டியது. பிரிட்டன் கட்டியதில் ஒன்று 1949-ல் நம்மிடம் வந்தது. முதல் மகர் அதுதான்.

நான் சொல்லும் மகர் கொல்கத்தாவில் கட்டியது. 1987 ஜூலை 18-ல் சேவைக்கு வந்தது. சரியாகப் பதினோராம் நாள் ராஜீவ்–ஜெயவர்த்தனே ஒப்பந்தம். புதுப் பெயிண்ட் வாசனை போகுமுன் அமைதிப்படை வேலை. 1990 மார்ச் 24-ல் கடைசிச் சிப்பாய்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பினார்கள். இடைப்பட்ட காலத்தின் கணக்கு, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கத் தமிழருக்கும் அந்தப் பக்கத் தமிழருக்கும் ஒன்றல்ல. இன்றுவரை அது நேராகவில்லை.

விடைபெறும்போது பெருமையாகச் சொல்லப்பட்டவை வேறு. 2004 சுனாமியில் 1,300-க்கு மேற்பட்டவர்களை ஏற்றி வந்தது. 2018-ல் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். அப்புறம் கொரோனா. 'சமுத்திர சேது'வில் மகர் 4,000 பேரை மீட்டதாகச் செய்திகளில் வந்தது. கணக்குப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது உறுத்துகிறது: நான்கு கப்பல்கள் சேர்ந்து கொண்டுவந்ததே 3,992 பேர். மகரின் பங்கு 202.

அந்த 202 எனக்குப் போதும். சுற்றுலா முடங்கிய மாலத்தீவில் தவித்தவர்கள், பெரும்பாலும் கேரளத்தவரும் தமிழ்நாட்டவரும், 2020 மே 12-ல் கொச்சியில் இறங்கினார்கள். டாங்கி ஏற்றக் கட்டிய கப்பலில் வீடு திரும்பினார்கள்.