டூ ஸ்ட்ரோக் இன்ஜின்: பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்?

களை வெட்டும் பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின்சா ஆகியவற்றில் பல டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஓடுபவை. இந்த இன்ஜினில் ஆயிலுக்கென்று தனி இடம் இல்லை. பெட்ரோலுடன் கலந்து செல்லும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் தேய்மானத்திலிருந்து காக்கிறது.

ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிவிடும். மருந்தடிக்கும் நேரத்தில் இப்படி நின்றால் செலவும் அதிகம், பயிருக்கும் நஷ்டம். ஆயில் கூடினால் புகை வரும், பிளக்கிலும் சைலன்சரிலும் கரி அடைக்கும்.

முதலில் உங்கள் இயந்திரத்தைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் (செயின்சாவின் செயின் ஆயில் மூடி இதில் சேராது) அது பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது.

1 லிட்டர் பெட்ரோலுக்கு ஆயில் அளவு
- 25:1 என்றால் 40 மி.லி.
- 40:1 என்றால் 25 மி.லி.
- 50:1 என்றால் 20 மி.லி.

இதில் எது உங்களுக்குரியது என்பது கையேட்டிலோ டேங்க் மூடியிலோ இருக்கும். இல்லையென்றால் விற்பனையாளரிடம் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்து மெஷினின் அளவு உங்கள் மெஷினுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எந்த ஆயில்?
காற்றில் குளிரும் இன்ஜினுக்கான 2டி ஆயிலையே வாங்குங்கள். டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறியீடு இருந்தால் நல்லது. பைக், டிராக்டர் இன்ஜின் ஆயிலும், பழைய ஆயிலும் வேண்டாம்.

கலக்கும் முறை
1. சுத்தமான பெட்ரோல் கேனில் பாதி பெட்ரோல் ஊற்றவும்.
2. ஆயிலை அளந்து சேர்க்கவும். கண்ணளவு வேண்டாம், பூச்சிமருந்து அளக்கும் மூடியும் வேண்டாம்.
3. மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்கவும்.
4. டேங்க்கில் நிரப்பும் ஒவ்வொரு முறையும் கேனைக் குலுக்கவும்.

இன்ஜின் ஆறிய பிறகே நிரப்புங்கள். அருகில் பீடி, நெருப்பு கூடாது.

இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். எனவே ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கே கலவை தயாரியுங்கள். வேலை முடிந்து இயந்திரத்தை எடுத்து வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் அடைக்காது, அடுத்த பருவத்தில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும்.