தடூசாக் விரிகுடா

மான்ட்ரியலிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 470 கிலோமீட்டர் சென்றால், செயின்ட் லாரன்ஸ் கரையோரச் சாலை சாகனே நதியின் முகத்துவாரத்தில் நின்றுவிடுகிறது. பாலம் இல்லை. கட்டணமில்லாப் படகு பத்து நிமிடத்தில் அக்கரை சேர்க்கிறது. அங்கே பிறைபோல் வளைந்து கிடப்பதே தடூசாக் விரிகுடா. ஊருக்குப் பின்னாலுள்ள உருண்டையான இரு குன்றுகளைப் பார்த்து, மார்பகங்கள் என்ற பொருளில் இன்னு பழங்குடியினர் இட்ட பெயர் அது.

1600இல் பியர் ஷோவன் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே விலங்குத்தோல் வணிகச் சாவடி ஒன்றைக் கட்டினார். குளிர்காலத்துக்கு அவர் விட்டுச்சென்ற பதினாறு பேரில் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியவர்கள் பிழைத்தது பழங்குடியினரின் தயவால். 1603இல் எதிர்க்கரையில் இன்னு தலைவர் அனடாபிஜூவுடன் ஷாம்ப்ளேன் குழுவினர் நட்புறவு கொண்டனர். கியூபெக் நகரம் பிறந்ததோ 1608இல்தான். 1747இல் கட்டத் தொடங்கிய சிறு மரத் தேவாலயம் இன்றும் கரையில் நிற்கிறது.

இயற்கையின் கொடை திமிங்கிலங்கள். அட்லாண்டிக்கிலிருந்து 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வரும் குளிர்நீர், இங்கே கடற்படுகை திடீரென உயர்வதால் மேலெழுகிறது. அதனுடன் கிரில் என்னும் சிற்றுயிர்களும் திரள்கின்றன. அவற்றைத் தேடி மிங்க் முதல் நீலத் திமிங்கிலம் வரை கோடையில் வந்து சேர்கின்றன.

ஆண்டு முழுவதும் இப்பகுதி நீரிலேயே வாழ்வது வெண்ணிறப் பெலூகா. மீன்வளம் குறைவதற்கு அதுவே காரணம் என்று மீனவர்கள் பழிசொல்ல, கொல்லப்பட்ட ஒவ்வொரு பெலூகாவுக்கும் 1930களில் கியூபெக் அரசு 15 டாலர் சன்மானம் அளித்தது. வாடிம் விளாடிகோவ் என்ற விஞ்ஞானி அவற்றின் இரைப்பைகளை ஆராய்ந்தபோது, மீனவர்கள் சொன்ன காட், சால்மன் மீன்கள் குறைவாகவே இருந்தன. 1979இல்தான் வேட்டை தடைசெய்யப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பல ஆயிரமாக இருந்த கூட்டத்தில் இன்று ஏறத்தாழ 1,850 மட்டுமே மிஞ்சியுள்ளதாக மதிப்பிடுகின்றனர்.

1998இல் இப்பகுதி கடல்சார் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கியைத் தடுத்த சட்டத்தால் கப்பல்களின் இரைச்சலை அவ்வளவு எளிதில் தடுக்க முடியவில்லை. பெலூகாக்கள் சீழ்க்கையொலியால் பேசிக்கொள்பவை. குட்டியின் மெல்லிய குரல் தாய்க்குக் கேட்காமற் போனால் இரண்டும் பிரிய நேரிடும். சாகனே வழியே பெருங்கப்பல்களை அழைத்துவரவிருந்த திரவ எரிவாயுத் திட்டத்தை 2021இல் கியூபெக் அரசு நிராகரித்தது, இவ்வுயிர்களுக்குக் கிடைத்த சிறு ஆறுதல்.

பார்க்க விரும்புவோர் ஜூன் முதல் அக்டோபருக்குள் செல்லலாம். படகேற வேண்டுமென்பதில்லை. விரிகுடாவின் முனையிலுள்ள பாறைகளில் அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும். திமிங்கிலம் மூச்சுவிடும் ஓசை கரைவரை கேட்கும்.