கரையோரக் கலங்களும் வானத்துக் கண்ணும்

கப்பல்கள் நடுக்கடலிலேயே மாய்கின்றன என்பது கதை படித்து வளர்ந்த நம்மிற் பலருடைய எண்ணம். மாலுமிகளைக் கேட்டால் வேறு கூறுவார்கள். அகன்ற கடலில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? பாறையும் மணற்றிட்டும் துறைமுகத்து நெரிசலும் கரையருகேதான் உள. ஆதலின் உடைந்த கலங்களிற் பெரும்பாலன கரையை அடுத்தே கிடக்கின்றன. ஆனால் தேடுவதற்கு அரிய இடமும் அதுவே. நீருள் ஒலியைச் செலுத்தி எதிரொலியால் அடித்தளத்தை அளக்கும் படகு, ஆழங் குறைந்த அலைவாயில் திரும்பவும் இடமின்றித் தவிக்கும்; தேடப்போன படகே தேடப்படும் கலமாகிவிடவுங் கூடும். இது காரணமாகவே ஆராய்ச்சியாளர் வானத்தை நாடினர். தொட்டுப் பாராமல் எட்ட நின்று அறியும் இம்முறைக்கு இன்று தொலையுணர்வு என்று பெயர் வழங்குகிறது.

இதன் வரலாறு ஆகாய விமானத்தின் வரலாற்றோடு ஒட்டியது. புவாதபார் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1934 முதல் 1936 வரை லெபனான் கரையிலுள்ள பழைய தீரு பட்டணத்தை வானிலிருந்து படம் பிடித்தார். நீரினடியில் சுவர்களும் அலைதடுப்புகளும் நிழல்போல் தோன்றின. அவர் படத்தோடு நின்றுவிடவில்லை. மூழ்குவோரை இறக்கிக் கல்லைத் தொட்டுச் சோதிக்கச் செய்தார். அவ்வளவு செய்தும், தெற்கே துறைமுகம் என்று அவர் முடிவு கட்டிய இடம் கடல்கொண்ட நகர்ப்பகுதியே என்று பின்வந்தோர் கூறலாயினர். அவர் தேடியது துறைமுகம், கப்பலன்று. ஆயினும் முறை ஒன்றே. வானம் இடத்தைக் காட்டும். அவ்விடத்திலிருப்பது இன்னதென்று சொல்லாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வருவார்களாக.

அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஏரி நன்னீர் ஏரியாயினும் மறுகரை தெரியாத கடல் போன்றது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டுக் கரைக்காவற் படையினர் ஹெலிகாப்டரில் சுற்றி வருகையில், கரையோரத் தெளிநீரில் சில கப்பல்களின் எலும்புக்கூடுகளைக் கண்டு படமெடுத்தனர். பனிக்கட்டி உருகியபின், கோடைப் பாசி படருமுன், சில வாரங்களே அந்நீர் அவ்வளவு தெளிந்திருக்கும். வேற்றுநாட்டிலிருந்து கப்பல்களோடு வந்து பெருகிவிட்ட சிறு சிப்பிகள் நீரை வடிகட்டுவது மற்றொரு காரணம். (அச்சிப்பிகள் ஏரியின் மீன்வளத்திற்குப் பெருங்கேடு, வரலாற்றுக்கு மட்டும் உபகாரம்!) மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் இல்லையாதலால் பலகைகள் அழியாமற் கிடந்தன.

அவற்றுள் ஒன்று ஜேம்ஸ் மக்பிரைடு என்னும் 121 அடி நீளமுள்ள பாய்க்கப்பல். 1857 அக்டோபர் 19ஆம் நாள் புயல் அதைக் கரையில் எறிந்தது. படத்தில் தெரிவது வரிசையான விலாச்சட்டங்களே. அக்கப்பல் 1848இல் அட்லாண்டிக் மாகடலிலுள்ள ஒரு தீவிலிருந்து உப்பேற்றிச் சிக்காகோவுக்கு வந்ததும், கடலிலிருந்து நேரே அவ்வேரித் துறைக்குச் சரக்குக் கொணர்ந்த முதற்கப்பல் என்று ஊரார் வியந்ததும் பழைய ஏடுகளால் மட்டுமே தெரிய வருவன. 1917இல் ரைசிங் சன் என்ற நீராவிக் கப்பல் தரைதட்டியதும், அதிலிருந்த 32 பேரும் உயிர் பிழைத்ததும் அத்தகையனவே. ஏட்டில் ஏறாத கலம் எத்துணைத் தெளிவாகத் தெரியினும் வெறும் மரக்கூடுதான்.

தெளிந்த நீரிற் காண்பது பெரிதன்று. கலங்கிய நீரில் என் செய்வது? பெல்ஜிய நாட்டுச் சீபுரூக் துறையருகே கடல் நமது கிள்ளான் ஆற்றுமுகம் போல் சேற்று நிறமாயிருக்கும். அங்கே சுமார் 15 மீட்டர் ஆழத்தில் நான்கு கப்பல்கள் கிடக்கின்றன. இரண்டு, கடந்த உலக யுத்தத்தில் முடிந்தவை. ஒன்றன் பெயர் சாம்வர்ன். மற்றொன்றை ஆராய்ச்சியாளர் சான்சிப் என்று எழுதுகின்றனர். அமெரிக்கா பிரிட்டனுக்கு இரவல் கொடுத்த அவ்வகைக் கப்பல்களுக்குச் 'சாம்' என்று தொடங்கும் பெயரிடுவது வழக்கமாதலின், கப்பற் பட்டியல்களில் இது சாம்சிப் என்றே காணப்படுகிறது. ஓரெழுத்துப் பிழை கப்பலுக்கும் நேர்கிறது. செக்ரோலில் பெயரெழுதும் கிராணிமாருக்கு இது வியப்பாக இராது.

வானிலிருந்து பார்த்தால் அங்கே கப்பல் தெரியவே தெரியாது. ஆனால் நீரோட்டம் கப்பலின் மீது மோதி, அதைச் சுற்றி அடிமண்ணைப் பறித்துக் குழி செய்கிறது. ஓட்டம் தணிந்த வேளையில் நுண்சேறு அக்குழியில் வந்து படிகிறது. மீண்டும் ஓதம் ஏறினும் இறங்கினும் அச்சேறு கிளம்பி, நீண்ட வாலாக மேல்நீரில் ஓடுகிறது. லேண்ட்சாட்-8 என்னும் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் இவ்வால் சில வேளை 4 கிலோமீட்டர் வரை நீண்டிருக்கக் கண்டனர். ஓதத்தின் கணக்கைக் கொண்டு வாலின் தலைப்பைத் தேடினால் கப்பல் அகப்படும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் நம் தருக்க நூலார் இதனை மிக மெச்சியிருப்பார்கள். இடம் முன்பே தெரிந்த கலங்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். மண்ணுக்கு மேல் நன்கு நீட்டிக்கொண்டிருந்த இரு கப்பல்களே வாலைக் காட்டின.

இது வெறும் வேடிக்கை என்று எண்ணற்க. 1965இல் நியூட்ரான் என்னும் 51 மீட்டர் நீளமுள்ள டச்சுச் சரக்குக் கப்பல் அங்கே நீருள் எதன்மீதோ மோதி மூழ்கியது. மோதியது சான்சிப்பின் மீதே என்று கருதப்படுகிறது. யுத்தம் முடிந்து இருபதாண்டு கழித்து, இறந்த கப்பல் உயிருள்ள கப்பலைக் கொன்றது!

வேறு வழிகளும் உள. நீர்மூழ்கிகளை வேட்டையாடவென யுத்த காலத்தில் விமானத்தில் ஏற்றப்பட்ட காந்தமானி, இன்று மணலுக்கடியிலுள்ள இரும்பைத் தேட உதவுகிறது. ஆயினும் தூரம் கூடக்கூட அதன் உணர்வு வெகு விரைவிற் குன்றுமாதலால் விமானம் தாழப் பறக்க வேண்டும். லேசர் என்னும் ஒளிக்கதிரில் பச்சை நிறத்தது அடித்தளம் வரை சென்று மீளும். அது மீளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கலாம். மிகத் தெளிந்த நீரில் 50 மீட்டர் வரை எட்டும். சேற்று நீரில் சில மீட்டரிலேயே ஓய்ந்துவிடும். இவ்வாறு கிடைத்த ஆழப்படங்களில் கப்பல்களைத் தானே கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கி, நூற்றுக்கு 92 பங்கு திருத்தம் கண்டதாக 2021இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். அக்கணினியும் "இங்கே கப்பல்" என்னுமேயன்றி, அதில் யார் இருந்தார் என்று கூறாது.

இடம் தெரிவதில் ஒரு தீங்கும் உண்டு. அது நமக்கு அண்மையிலேயே நடந்தது. 1941 டிசம்பர் 10ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குவாந்தானுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. ஏறக்குறைய 840 பேர் மாண்டனர். அவர்கள் பெயர்கள் ஏட்டிலுள்ளன. கப்பல்களின் இடமும் யாவரும் அறிந்தது. அறிந்ததனாலேயே பழைய இரும்பு வியாபாரிகள் அக்கல்லறைகளை வெட்டி எடுத்து வந்தனர். 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தார் சீனப் பதிவுடைய கப்பலொன்றைத் தடுத்து வைத்தபோது, அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் அகப்பட்டன. நீரடியிலுள்ள பழம்பொருள்களுக்கென 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தில் ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் சட்டம் கடலில் காவல் நிற்குமா?

அவ்விரு கப்பல்களும் சுமார் 60 மீட்டர் ஆழத்திற் கிடப்பதால் எந்த விமானமும் அவற்றைக் காண இயலாது. அவற்றின்மேல் நாட்கணக்கில் நங்கூரமிட்டு, பாரந்தூக்கியை நீருள் இறக்கி நிற்கும் கப்பலையோ நன்றாகக் காணலாம். கரைக்காவலர் வாரம் ஒருமுறையேனும் அவ்விடத்து வானப்படத்தைப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். மாண்டவர்களின் பெயர்ப் பட்டியலும் அப்படத்தோடு ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும்.