பாலம் இல்லாத ஊரில் ஒரு சீசன்

சென்ற வாரம் 1990 மே 13 அன்று ஸாக்ரெபின் மாக்ஸிமிர் மைதானத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். டினாமோவுக்கும் பெல்கிரேடின் ரெட் ஸ்டாருக்கும் நடக்க வேண்டிய ஆட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. டினாமோ கேப்டன் போபன் ஒரு போலீஸ்காரரைப் பாய்ந்து உதைத்தார். யூகோஸ்லாவியப் போர் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று குரோஷியர்கள் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லட்டும், உதைத்தவர் அவர்கள் ஆள்.

அந்தக் கலவரம் நடந்தபோது, வெகு தெற்கே வெலெபிட் மலையடிவாரத்தில், ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன் ஆடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். குக்கிராமத்தின் பெயர் மோட்ரிச்சி. பையன் லூக்கா மோட்ரிச். தாத்தாவும் லூக்கா மோட்ரிச்தான். பேரன் என்ற சொல்லுக்கே தாத்தா பெயரைத் தாங்குபவன் என்று பொருள் கொள்ளும் நமக்கு இதில் வியப்பில்லை. தாத்தாவுக்குச் சாலைப் பராமரிப்பு வேலை. பெற்றோர் இருவரும் பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் போய்விட, பையன் வளர்ந்ததெல்லாம் தாத்தா நிழலில். ஆடு மேய்க்கும் அந்தச் சிறுவன் அப்போது எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறான். கையில் ஒரு குச்சி, உடம்பைவிடப் பெரிய சட்டை.

1991 ஜூன் 25-ல் குரோஷியா தன்னைத் தனி நாடாக அறிவித்தது. அந்த டிசம்பரில் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் தாத்தா லூக்காவை அவர் வீட்டுக்கு அருகிலேயே கொன்றார்கள். மற்றவர்கள் தப்பி ஓடினார்கள். வீடு கொளுத்தப்பட்டது. பேரனுக்கு அப்போது வயது ஆறு.

ஓடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம், கடலோர நகரமான ஸதார். அங்கே கொலோவாரே என்ற ஓட்டல் அகதி முகாமாகியிருந்தது. அப்பா ஸ்டிப்பே குரோஷிய ராணுவத்தில் சேர்ந்தார். நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன; பையன் ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். தாழ்வாரத்திலும் பந்து, தூங்கும்போதும் பக்கத்தில் பந்து என்று ஒரு பொடியனைப் பற்றிக் கேள்விப்பட்டதாக, உள்ளூர் கிளப்பான என்.கே. ஸதாரின் நிர்வாகி யோசிப் பாய்லோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1992-ல் பையனுக்குப் பள்ளிச் சேர்க்கையும் கால்பந்துப் பயிற்சியும் ஒன்றாகவே தொடங்கின. கட்டணத்துக்குச் சில சமயம் உறவினர் கை கொடுத்தார்.

டால்மேஷியக் கடற்கரையில் பிறந்த பையன் எவனுக்கும் ஒரே கனவுதான்: ஸ்பிளிட் நகரின் ஹாய்டுக் கிளப். லூக்காவும் அங்கே போய்ப் பார்த்தான். ஆள் நோஞ்சான், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தவனை இழுத்துப் பிடித்தவர் ஸதாரின் இளைஞர் பயிற்சித் தலைவர் தொமிஸ்லாவ் பாஷிச். மோட்ரிச் அவரைத் தன் ‘கால்பந்துத் தந்தை’ என்பார். ஹாய்டுக் வேண்டாம் என்று அனுப்பியவனை, அதன் பரம எதிரியான டினாமோ ஸாக்ரெபிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் பாஷிச்தான். பையனுக்கு அப்போது 16 வயது.

டினாமோவும் உடனே கொண்டாடிவிடவில்லை. ஓராண்டு இளைஞர் அணியில் ஆடவிட்டு, 2003-ல் கடனாக வேறு நாட்டுக்கு அனுப்பியது. பொஸ்னியாவின் மோஸ்தார் நகரம், ஸ்ரின்ஸ்கி கிளப். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மோஸ்தாரில் அப்போது பாலம் இல்லை. நெரெத்வா ஆற்றின் மேல் 1566-ல் ஆட்டமன் கட்டடக் கலைஞர் ஹைருதீன் எழுப்பிய ஒற்றை வளைவுக் கல் பாலத்தை, 1993 நவம்பர் 9 அன்று பொஸ்னியக் குரோஷியப் படை குண்டு வீசித் தகர்த்திருந்தது. மேற்குக் கரையில் குரோஷியர்கள், கிழக்குக் கரையில் பெரும்பாலும் பொஸ்னிய முஸ்லிம்கள். கால்பந்தும் அப்படியே பிளந்து கிடந்தது. ஸ்ரின்ஸ்கி குரோஷியர்களின் கிளப். இரண்டாம் உலகப்போரில் நாஜி ஆதரவுக் குரோஷிய அரசு நடத்திய லீகில் ஆடியதற்காக 1945-ல் தடைசெய்யப்பட்டு, 1992-ல்தான் மறுபடி உயிர்பெற்றது. யூகோஸ்லாவியக் காலம் முழுக்க நகரத்தின் கிளப்பாக இருந்தது வெலெஜ். போருக்குப்பின் வெலெஜின் பழைய மைதானமான பியெலி ப்ரியெக் குரோஷியக் கரையில் மாட்டிக்கொள்ள, அங்கே ஸ்ரின்ஸ்கி குடியேறியது. வெலெஜ் ஊருக்கு வெளியே போனது. மோட்ரிச் சீசன் முழுக்கத் தன் சொந்த மைதானமாக ஆடியது அந்தப் பறிபோன மைதானத்தில்தான்.

லீகும் லேசுப்பட்டதல்ல. குரோஷியர், பொஸ்னியர், செர்பியர் மூவரின் கிளப்புகளும் ஒரே பட்டியலில் சேர்ந்து இரண்டாவது சீசன்தான் அது. முந்தைய ஆண்டுக் கோப்பையை எடுத்திருந்தது செர்பியப் பகுதியான த்ரெபின்யேயின் லியோதார். போர் முடிந்து எட்டே ஆண்டு; எதிரணியில் யாருடைய அண்ணன் எங்கே துப்பாக்கி பிடித்தான் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும் காலம். மேடு பள்ளமான புல்தரை, பந்தைவிட்டுக் காலை வெட்டும் தடுப்பாட்டக்காரர்கள், கண்டும் காணாத நடுவர்கள். இதற்குள் 18 வயது நோஞ்சான் ஒருவன், பாதங்களின் வெளி விளிம்பால் பந்தைத் தட்டிவிட்டு, அடி விழுமுன் நழுவிக்கொண்டிருந்தான். சீசன் முடிவில் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவனுக்கு. அங்கே ஆட முடிந்தவன் எங்கேயும் ஆடலாம் என்ற பொருளில் மோட்ரிச் பின்னர் சொல்லியிருக்கிறார். ஹாய்டுக்கின் தேர்வாளர்கள் அளந்தது உயரத்தை. மோஸ்தார் அளந்தது வேறொன்றை.

புதுப்பித்த பாலம் 2004 ஜூலை 23-ல் திறக்கப்பட்டபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். மறுபடியும் கடன்தான். இம்முறை ஸாக்ரெபுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸாப்ரெஷிச் ஊரின் இன்டர் கிளப். அந்த 2004-05 சீசன் ஒரு வேடிக்கை. சின்னஞ்சிறு இன்டர் லீகில் இரண்டாம் இடம் பிடித்தது; ஆளைக் கடன் கொடுத்த டினாமோவோ முதல் ஆறு இடங்களுக்குள்கூட வர முடியாமல் கீழ்ப்பிரிவில் தத்தளித்தது. அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பத்து ஆண்டு ஒப்பந்தம் நீட்டினார்கள். அந்தப் பணத்தில் மோட்ரிச் ஸதாரில் குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்கினார். ஓட்டல் அறைகளில் வருடக்கணக்காகக் குடியிருந்தவர்கள் சொந்தக் கதவைப் பூட்டித் திறந்தது அதற்குப் பிறகுதான். டினாமோ 2006, 2007, 2008 என்று மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்றது. 2008-ல் அவரை இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு விற்ற பணம் எப்படிப் பங்கு பிரிந்தது என்ற விவகாரம் ஓசியெக் நீதிமன்றம் வரை போய், 2017-ல் அவரே சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தது. அந்தப் புதைகுழியை அடுத்த வாரம் தோண்டுவோம்.

அதற்கு முன் ஒரு மாலை. 2006 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். குரோஷியாவின் சட்டையில் மோட்ரிச்சுக்கு முதல் ஆட்டம். எதிரே அர்ஜென்டினா. ஆறாவது நிமிடத்தில் எதிரணியின் 18 வயதுப் பையன் ஒருவன் தன் நாட்டுக்காக முதல் கோலைப் போட்டான். மெஸ்ஸி என்று பெயர். ஆட்டத்தை 3-2 என்று வென்றது குரோஷியா.